எலுமிச்சை உப்பு தரும் கரும்பூசணம்

கடைகளில் எலுமிச்சை உப்பு என்று விற்கப்படும் வெள்ளைப் பொடி சிட்ரிக் அமிலம் ஆகும். சர்பத், ஜாம், மிட்டாய், மருந்து ஆகியவற்றில் இது சேர்க்கப்படுகிறது. பெயரில் எலுமிச்சை இருந்தாலும், இன்று இதைப் பெரும்பாலும் தயாரித்துத் தருவது 'ஆஸ்பர்ஜில்லஸ் நைகர்' என்னும் கரும்பூசணமே. வெங்காயத் தோலில் கரித்தூள் போலப் படர்வதும் இந்த இனப் பூசணம்தான்.

பழத்திலிருந்து பூசணத்துக்கு

1784-ம் ஆண்டு ஷீலே என்ற விஞ்ஞானி எலுமிச்சைச் சாற்றிலிருந்து இந்த அமிலத்தைப் பிரித்தெடுத்தார். பின்னர் இத்தாலி நாட்டு எலுமிச்சைக்கு இதனால் நல்ல கிராக்கி இருந்தது. 1917-ல் ஜேம்ஸ் கரி என்ற அமெரிக்கர், சர்க்கரைக் கரைசலில் இப்பூசணத்தை வளர்த்து ஏராளமாக அமிலம் பெறும் வழியை வெளியிட்டார். 1919-ல் அமெரிக்காவில் ஆலை உற்பத்தி தொடங்கியது. எலுமிச்சைக்கு இருந்த அந்தச் சந்தை சுருங்கியது. எனவே எலுமிச்சை பயிரிடுவோர் பழம், சாறு, ஊறுகாய் விற்பனையை வைத்தே கணக்குப் போட வேண்டும்.

தயாரிப்பு முறை

சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகை, நூற்றுக்கு 15 பங்கு சர்க்கரை இருக்குமாறு நீர் கலந்து, காய்ச்சி, கிருமி நீக்குகிறார்கள். ஆறியதும் பூசண வித்துக்களைச் சேர்த்து, சுமார் 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு வாரத்துக்கு மேல் வைக்கிறார்கள். பெரிய ஆலைகளில் கலன்களுக்குள் இடைவிடாமல் காற்று செலுத்தப்படுகிறது. பிறகு பூசணத்தை வடிகட்டி, சுண்ணாம்பு சேர்த்தால் அமிலம் வெண்படிவாகத் தங்கும். அதில் கந்தக அமிலம் சேர்க்க, ஜிப்சம் பிரிந்துவிடும். எஞ்சிய கரைசலைச் சுண்டவைத்தால் படிகம் கிடைக்கும்.

குடிசைத் தொழில் ஆகுமா?

ஆகாது. கரைசலில் இரும்பு, மாங்கனீசு சிறிது கூடினாலும் பூசணம் தான் வளருமே தவிர, அமிலம் குறைந்துவிடும். வேறு கிருமி புகுந்தால் முழுப்பாகும் வீண். கந்தக அமிலத்தைக் கையாள்வது ஆபத்து. கழிவுப்பாகு வைத்திருக்க அரசு உரிமமும் வேண்டும். 'வீட்டிலேயே தயாரிக்கலாம்' என்று யாரேனும் முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

வயலில் இது எதிரி

ஆலையில் உழைக்கும் இதே பூசணம் நிலக்கடலையில் கழுத்தழுகல் நோயை உண்டாக்குகிறது. விதை முளைக்குமுன் அழுகும். முளைத்த இளஞ்செடியும் வாடிச் சாயும். பிடுங்கிப் பார்த்தால் தண்டின் அடியில் கருந்தூள் தெரியும். நோய் விதை மூலமும் மண் மூலமும் பரவும்.

நல்ல திரட்சியான விதையைத் தேர்ந்தெடுத்து, கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதையுங்கள். ஒரே நிலத்தில் தொடர்ந்து கடலை போடாமல் பயிரை மாற்றுங்கள். வெங்காயத்தைத் தோலும் தாளும் நன்கு காய்ந்த பின், காற்றோட்டமான பட்டறையில் சேமியுங்கள். கரும்பூசணம் கண்ட வெங்காயத்தை உடனே பொறுக்கி அகற்றுங்கள்.

சர்க்கரையும் காற்றும் கொடுத்துப் பூசணத்தை வேலை வாங்குவது ஆலையின் தொழில். ஈரம் தராமல் அதை அடக்கி வைப்பதே விவசாயிக்கு லாபம்.