டிராஃப்டில் யாரை எடுப்பது? எக்ஸெல்லில் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கூடைப்பந்து அணி ஒன்றை நிர்வகிக்கும் கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் 'பாஸ்கெட்பால் ஜிஎம்' பலருக்கும் பிடித்தது. இலவசம். இன்ஸ்டால் செய்ய வேண்டாம், பிரவுசரிலேயே இயங்கும். இதில் நீங்கள் பந்தைத் தொடுவதே இல்லை. வீரர்களை வாங்குவது, விற்பது, சம்பளம் கொடுப்பது ஆகியவைதான் உங்கள் வேலை. இதில் புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் டிராஃப்ட்.

டிராஃப்ட் என்றால் என்ன?

ஒவ்வொரு சீசன் முடிந்ததும் புதிய இளம் வீரர்களின் பட்டியல் வரும். அணிகள் வரிசையாக ஒவ்வொருவரைத் தேர்ந்தெடுக்கும். தோற்ற அணிகளுக்கே முதலில் எடுக்கும் வாய்ப்பு அதிகம். 30 அணிகள், இரண்டு சுற்றுகள், மொத்தம் 60 பேர். அமெரிக்காவின் என்பிஏ போட்டியில் நடக்கும் முறையைத்தான் இந்த விளையாட்டும் பின்பற்றுகிறது.

பட்டியலில் ஒவ்வொரு வீரருக்கும் இரண்டு முக்கிய எண்கள் இருக்கும். 'ஓவரால்' என்பது இன்றைய திறமை. 'பொட்டென்ஷியல்' என்பது அவர் எட்டக்கூடிய உச்சம் பற்றிய மதிப்பீடு. புதியவர்கள் பெரும்பாலும் பொட்டென்ஷியலை வரிசைப்படுத்தி, மேலே இருப்பவரை எடுத்துவிடுவார்கள். இதில் இரண்டு சிக்கல்கள் உள்ளன.

முதல் சிக்கல், திரையில் தெரியும் எண் உண்மையான எண் அல்ல. விளையாட்டு வேண்டுமென்றே அதில் கொஞ்சம் பிழையைக் கலந்து காட்டுகிறது. வீரர்களைத் தேடிக் கண்டறியும் ஸ்கவுட்டிங் பிரிவுக்கு அதிகம் செலவழித்தால் பிழை குறையும். ஆனால் முழுதாக மறையாது. எங்கள் பேரணாம்பட்டு தோல் வியாபாரத்திலும் இதே கதைதான். பச்சைத் தோலை வாங்கும்போது முடி மூடியிருக்கும். உண்ணி கடித்த தடமும் பழைய கீறலும் முடி நீக்கிப் பதனிட்ட பிறகுதான் தெளிவாகத் தெரியும். விலை பேசுவதோ அதற்கு முன்பே! ஆகவே 58-க்கும் 59-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பெரிதாக எண்ணாதீர்கள். எண்கள் நெருங்கியிருப்பவர்களை ஒரே ரகமாக வைத்து, வயது குறைந்தவரைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டாவது சிக்கல், பொட்டென்ஷியல் வெறும் மதிப்பீடு. சிலர் அதைத் தாண்டுவார்கள். சிலர் பாதி வழியிலேயே நின்றுவிடுவார்கள். எத்தனை பேர் எட்டுகிறார்கள் என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம்.

உங்கள் சொந்த அட்டவணை

சோதனைக்காகப் புதிய லீக் ஒன்றைத் தொடங்குங்கள். ஆட்டோ பிளே வசதியால் 20 சீசன்களை ஓட விடுங்கள். பின்னர் டிராஃப்ட் ஹிஸ்டரி பக்கத்துக்குச் செல்லுங்கள். தேர்வான நாளில் வீரரின் எண்களும், அவர் பின்னாளில் தொட்ட உச்சமும் அங்கே இருக்கும். முதல் 10 ஆண்டுகளை மட்டும் எடுத்து எக்ஸெல்லில் சேருங்கள். 600 வீரர்கள் கிடைப்பார்கள். பிந்தைய ஆண்டுகளில் வந்தவர்கள் இன்னும் வளர்ந்து கொண்டிருப்பார்கள், அவர்கள் வேண்டாம்.

இனி வயதுவாரியாகப் பிரித்து, பொட்டென்ஷியலைத் தாண்டியவர், நெருங்கியவர், எட்டாதவர் என மூன்றாக எண்ணுங்கள். இதுவே உங்கள் வாய்ப்பு அட்டவணை.

மதிப்பைக் கணக்கிடுதல்

எளிய உதாரணம் ஒன்று. எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை.

வீரர் அ: வயது 22. உச்சம் 50 ஆக 25 சதவீத வாய்ப்பு, 54 ஆக 50 சதவீதம், 58 ஆக 25 சதவீதம். சராசரி 54.

வீரர் ஆ: வயது 19. உச்சம் 40 ஆக 50 சதவீதம், 55 ஆக 25 சதவீதம், 70 ஆக 25 சதவீதம். சராசரி 51.25.

சராசரிப்படி அ-வே மேல். ஆனால் அணியில் இருப்பது 15 இடங்கள்தான். எந்த அணியிலும் இல்லாத ஃப்ரீ ஏஜென்ட் பட்டியலில் 48 மதிப்புள்ள வீரர் குறைந்த சம்பளத்துக்கே கிடைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 48-க்குக் கீழே போனவரை நீங்கள் விடுவித்துவிடுவீர்கள். அவரால் வரும் பயன் பூஜ்யம், மைனஸ் அல்ல.

எனவே ஒவ்வொரு உச்சத்திலிருந்தும் 48-ஐக் கழித்து, பூஜ்யத்துக்குக் கீழே போனால் பூஜ்யம் என்றே வையுங்கள். எக்ஸெல்லில் 'மேக்ஸ்' பங்ஷன் இதைச் செய்யும். பிறகு அதனதன் வாய்ப்பால் பெருக்கிக் கூட்டுங்கள்.

அ: 2, 6, 10. பெருக்கிக் கூட்டினால் 6.
ஆ: 0, 7, 22. பெருக்கிக் கூட்டினால் 7.25.

இப்போது ஆ முந்திவிட்டார்! இதற்கு மேலும் ஒரு காரணம் சேர்கிறது. களத்தில் ஆடுவது ஐந்து பேர்தான். அணியின் பலத்தைக் கணக்கிடும்போது, மிகச் சிறந்த வீரருக்கே இந்த விளையாட்டு அதிக எடை கொடுக்கிறது. 70 மதிப்புள்ள ஒருவரின் வேலையை 54 மதிப்புள்ள இரண்டு பேர் சேர்ந்தாலும் செய்ய முடியாது.

ஒரு எச்சரிக்கை. விடுவித்த வீரரின் மீதிச் சம்பளம் உங்கள் கணக்கில் தொடரும். முதல் சில இடங்களில் எடுப்பவருக்குச் சம்பளம் அதிகம் என்பதால் அங்கே நிதானம் தேவை. இரண்டாம் சுற்றில் சம்பளம் குறைவு, அங்கே துணியலாம்.

நிஜத்தில் நடந்தது

2013 டிராஃப்டில் முதலிடத்தில் தேர்வான ஆண்டனி பென்னட் என்பிஏ-யில் நான்கு சீசன்களே ஆடினார். அதே ஆண்டு 15-ஆம் இடத்தில், 18 வயதில் தேர்வான யான்னிஸ் அண்டெடோகும்போ உலகின் முன்னணி வீரர்களில் ஒருவரானார். 2014-இல் 41-ஆம் இடத்தில் வந்த நிகோலா யோகிச் 2021, 2022, 2024 ஆண்டுகளில் மிக மதிப்புமிக்க வீரர் விருதை வென்றார்.

நம் நாட்டுக்கும் இதில் ஓர் இடம் உண்டு. 2015-இல் பஞ்சாபின் பல்லோ கே கிராமத்தைச் சேர்ந்த சத்னாம் சிங்கை டல்லாஸ் மாவரிக்ஸ் அணி 52-ஆம் இடத்தில் எடுத்தது. உயரம் 7 அடி 2 அங்குலம். அப்போது வயது 19. என்பிஏ டிராஃப்டில் தேர்வான முதல் இந்தியர் அவரே. துணை லீக்கில் டெக்சஸ் லெஜெண்ட்ஸ் அணிக்காக ஆடினார். ஆனால் என்பிஏ ஆட்டம் ஒன்றில்கூட இறங்க வாய்ப்புக் கிடைக்கவில்லை. அதனால் டல்லாஸ் செய்தது தவறு என்று சொல்லலாமா? நம் கணக்குப்படி கூடாது. 52-ஆம் இடத்தில் இழப்பு சிறிது, கிடைத்தால் லாபம் பெரிது. முடிவைப் பார்த்துத் தேர்வை எடை போடாமல், தேர்வு செய்த நாளில் கையில் இருந்த தகவலை வைத்தே எடை போட வேண்டும்.

கடைசியாக ஒன்று. இந்த விளையாட்டின் தகவல்கள் உங்கள் பிரவுசரிலேயே சேமிக்கப்படுகின்றன. பிரவுசர் டேட்டாவை அழித்தால் லீக்கும் போய்விடும். அவ்வப்போது எக்ஸ்போர்ட் செய்து வேறோர் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் லீக்கில் ஃப்ரீ ஏஜென்ட்களின் தரம் 48-க்குப் பதில் 44 என்றால் மேலே உள்ள விடை மாறுமா? எக்ஸெல்லில் அந்த ஒரு எண்ணை மட்டும் மாற்றிப் பாருங்கள்.