புயலுக்குப் பின் உழவு

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் வேதாரணியத்திற்கு அருகே கரை கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. தென்னை ஒன்றையே நம்பிய குடும்பங்கள் ஓரிரவில் வருவாய் இழந்தன. நெட்டைத் தென்னையை மீண்டும் நட்டால், அது காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். அதுவரை அடுப்பெரிவது எவ்வாறு?

விடை, கன்றுகளின் இடைவெளியிலேயே உள்ளது. 25 அடிக்கு ஒன்றாக நட்ட இளங்கன்றுகளின் நடுவே வெயில் தடையின்றி விழும். அங்கே உளுந்து, நிலக்கடலை, காய்கறி முதலியவற்றைப் பயிரிடலாம். உளுந்து ஏறக்குறைய 70 நாளில் விளையும். அதன் வேர்முடிச்சுகள் மண்ணில் தழைச்சத்தையும் சேர்க்கும். தோப்பின் ஒரு பகுதியில் குட்டைத் தென்னையை நட்டால், மூன்று நான்கு ஆண்டுகளிலேயே காய் காணலாம்.

கடல்நீர் புகுந்த வயலில் முதற்கண் வடிகால் வெட்டுதல் வேண்டும். பின்னர் ஜிப்சம் இட்டு, நன்னீரைத் தேக்கி வடித்து, தக்கைப்பூண்டை வளர்த்து மடக்கி உழுதல் நலம்.

அங்கத்தினர்களே! நிலம் முழுதும் ஒரே பயிராயின், இழப்பும் முழுதாகும். விளைந்த உளுந்தில் விதைக்கென ஒரு பங்கைச் சங்கக் கிடங்கில் சேர்த்து வையுங்கள். அடுத்த புயலுக்குப் பின் நம் வீடுகளில் உலை கொதிக்கச் செய்வது அவ்விதையேயாகும்.