தக்காளிச் செடியின் நோய்கள் – அறிதலும் காத்தலும்

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளியில் கிணற்றுத் தண்ணீர் எட்டும் இடமெல்லாம் தக்காளி உண்டு. மேச்சேரி, ஓமலூர், பனமரத்துப்பட்டி, வாழப்பாடிப் பக்கத்திலிருந்தும் இராசிபுரம் வட்டாரத்திலிருந்தும் பறித்த பழம் விடிவதற்குள் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். விலை ஏறினால் கடன் அடையும்; இறங்கினால் பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் தேறாது. இப்படி நிலையில்லாத பயிரில், விளைச்சலை இழப்பதற்கு முன்பே உழவர் இழக்கும் பணம் ஒன்று உண்டு. அது நோய் இன்னதென்று தெரியாமல் வாங்கும் மருந்துக்குச் செல்லும் பணம். ஓர் இலையைக் கிள்ளிக்கொண்டு மருந்துக் கடைக்குப் போகிறோம். கடைக்காரர் இலையைப் பார்த்து மூன்று பொட்டலங்களை எடுத்து வைக்கிறார். மூன்றையும் கலந்து அடித்துவிட்டு, நான்காம் நாள் மறுபடியும் இலையைக் கிள்ளுகிறோம்.

நம் கல்லூரி மாணவர்களில் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். தாவரவியல் படிக்காதவர்களும் வயலில் நின்று பயன்படுத்தக்கூடிய வகையில் தக்காளி நோய்களைப் பிரித்தறியும் முறையை இங்கே காண்போம்.

முதலில் கேட்க வேண்டியவை

தனி இலை எதையும் முழுமையாகச் சொல்லாது. வயலைத்தான் பார்க்க வேண்டும். கெட்டிருப்பது அடியிலுள்ள முதிர்ந்த இலையா, நுனியிலுள்ள இளந்தளிரா? பழுதான செடிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக உள்ளனவா, வாய்க்கால் போகும் வழியில் திட்டாக உள்ளனவா, ஒரே பக்கத்தில் வரிசையாக உள்ளனவா? படிப்படியாக வந்ததா, ஒரே நாளில் வந்ததா? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்தாலே பாதி நோய்களைக் கழித்துவிடலாம்.

எடுத்துக்காட்டாக இலை சுருளுவதையே எடுத்துக்கொள்வோம். கோடை வெயிலில் அடியிலைகள் ஓரம் மடிந்து குழல்போல் நிற்கும். நிறம் மாறாது, தளிர் நன்றாக இருக்கும், காயும் குறையாது. இது நோயன்று, செடி தன் நீரைக் காத்துக்கொள்ளும் வகை. அடுத்து, பக்கத்துக் கரும்புத் தோட்டத்திலோ மக்காச்சோளத்திலோ 2,4-டி என்னும் களைக்கொல்லி அடித்திருப்பார்கள். காற்றில் வந்த சிறு சாரலே தக்காளிக்குப் போதும். தளிர்கள் நூல்போல் குறுகி முறுக்கிக்கொள்ளும். காற்று வந்த பக்கத்துச் செடிகள் எல்லாம் ஒரே நாளில் ஒன்றுபோல் காட்டும். களைக்கொல்லி அடித்த தெளிப்பானைச் சரியாகக் கழுவாமல் தக்காளிக்கு மருந்தடித்தாலும் இதே கதிதான். மூன்றாவதாக, வைரஸ் தரும் இலைச்சுருட்டு நோய். மூன்றும் "சுருட்டை" என்றே பேசப்படுகின்றன. முதலாவதற்கு மருந்து தேவையில்லை. இரண்டாவதற்கு மருந்து பயன்படாது. மூன்றாவதற்கு மருந்தே கிடையாது.

இலைச்சுருட்டு நோய்

மருந்தே கிடையாது என்பதைச் சற்று விளக்க வேண்டும். நச்சுயிரி எனப்படும் வைரஸ், செடியின் உயிரணுவுக்குள் புகுந்து அதன் இயக்கத்தையே தன் பெருக்கத்திற்குப் பயன்படுத்திக்கொள்வது. இலையின் மேல் படியும் பூஞ்சை மருந்து அதைத் தொடாது. நம் நாட்டில் தக்காளி இலைச்சுருட்டு நோய் குறித்து வாசுதேவாவும் சாம்ராஜும் 1948-இல் எழுதினர். அன்றிலிருந்து இன்றுவரை, நோய் கண்ட செடியைக் குணப்படுத்தும் மருந்து எதுவும் வரவில்லை.

நோய் கண்ட செடியில் இளம் இலைகள் சிறுத்துச் சுருங்கும்; ஓரம் மேல்நோக்கி மடிந்து மஞ்சளிக்கும். கணுக்களுக்கு இடையே உள்ள நீளம் குறைந்து, பக்கக் கிளைகள் கிளம்பி, செடி புதர்போல் குட்டையாகும். பூ உதிரும். நட்ட சில வாரங்களுக்குள் தாக்கினால் காய் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது. காய்ப்புக்கு வந்தபின் தாக்கினால் ஓரளவு பறிக்கலாம். ஆகவே முதல் நாற்பத்தைந்து நாட்களைக் காப்பதுதான் இந்நோயில் முழுப் போராட்டமும்.

இதைச் செடிக்குச் செடி கொண்டு செல்வது வெள்ளை ஈ. இலையின் அடிப்பக்கத்தில் வெண்பொடிபோல் ஒட்டியிருந்து, செடியை அசைத்தால் குபீரென்று பறக்கும். கோடையில் இதன் பெருக்கம் மிகுதி. நம் பகுதியில் மரவள்ளி ஏராளம். அதன் தேமல் நோயைப் பரப்புவதும் இதே வெள்ளை ஈதான். இரு வைரஸ்களும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டிரண்டாக ஒட்டிய துகள்களாகத் தெரிவதால் இக்குடும்பத்திற்கு ஜெமினி என்று பெயரிட்டனர். நம் சோதிடர்கள் மிதுனம் என்பதும் அதே இரட்டையரைத்தான். ஆனால் மரவள்ளித் தேமல் தக்காளிக்குத் தொற்றிச் சுருட்டையாகிறது என்று எண்ணிவிடக் கூடாது. வைரஸ் வேறு வேறு. பொதுவானது ஈ மட்டுமே.

தடுப்பு நாற்றங்காலிலேயே தொடங்க வேண்டும். மேட்டுப்பாத்தியின் மேல் வெள்ளை ஈ நுழைய முடியாத நெருக்கமான நைலான் வலையைக் கட்டி, நடும் நாள் வரை மூடி வைக்க வேண்டும். கொசுவலையின் கண் இதற்குப் பெரிது. நடுவதற்குச் சில வாரங்கள் முன்பே வயலைச் சுற்றி இரண்டு மூன்று வரிசை மக்காச்சோளமோ சோளமோ விதைத்தால், பறந்து வரும் ஈக்கு அது வேலியாகும். மஞ்சள் ஒட்டும் அட்டைகளைச் செடி மட்டத்தில் நிறுத்தினால் ஈ வந்துவிட்டதா என்பது தெரியும். அட்டையே எல்லா ஈயையும் பிடித்துவிடும் என்று நம்ப வேண்டாம். வேப்பங்கொட்டைப் பருப்பு 5 கிலோவை இடித்து இரவு ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டர் நீராக்கி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து இலையின் அடியில் படுமாறு தெளிப்பது நல்லது. பூச்சிக்கொல்லி அடித்தே ஆகவேண்டுமானால் ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்கலாகாது. வெள்ளை ஈ வெகு விரைவில் எதிர்ப்புப் பெற்றுவிடும்.

நோய் கண்ட செடியைப் பிடுங்குவதற்குத்தான் மனம் வருவதில்லை. வளர்த்த செடியைப் பிடுங்குவது எளிதன்று. வீட்டுப் பெரியவர்கள் "இன்னும் ரெண்டு நாள் பார்க்கலாம்" என்பார்கள். அந்த இரண்டு நாளில் அச்செடி சுற்றியுள்ள செடிகளுக்கு நோயை வழங்கிக்கொண்டிருக்கும்.

பெங்களூர் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்க்கா ரக்ஷக் என்னும் வீரிய ஒட்டு, இலைச்சுருட்டு, பாக்டீரியா வாடல், முன்பருவக் கருகல் ஆகிய மூன்றையும் தாங்கும் வகையில் உருவாக்கப்பட்டது. சுருட்டை ஆண்டுதோறும் வரும் ஊரில், மருந்துச் செலவோடு ஒப்பிட்டால் இத்தகைய விதையின் விலை பெரிதன்று.

நிலக்கடலையிலிருந்து வரும் நோய்

இளந்தளிர் செம்பு நிறமாகி, இலைக்காம்பிலும் தண்டிலும் கருங்கோடுகள் விழுந்து, நுனி கருகிச் சாய்ந்தால் அது வேறொரு வைரஸ். காய் பழுத்தபின் அதன் மேல் வெளிர் மஞ்சள் வளையங்கள் தெரியும். அத்தகைய பழத்தைச் சந்தையில் கழித்துவிடுவார்கள். முன்பு இதைப் புள்ளிவாடல் வைரஸ் என்றே கருதினர். 1990-களின் தொடக்கத்தில் ஐதராபாத்தை அடுத்த பட்டஞ்செருவில் உள்ள பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனமான இக்ரிசாட்டில் நடந்த ஆய்வுகள், நம் நாட்டு நிலக்கடலையில் மொட்டுக் கருகலை உண்டாக்குவது தனி வைரஸ் என்று காட்டின. தக்காளியில் நாம் பெரும்பாலும் காண்பதும் அதுவே.

இதைப் பரப்புவது இலைப்பேன். இப்பூச்சி குஞ்சுப் பருவத்தில் நோயுற்ற செடியைச் சுரண்டித் தின்றால்தான் வைரஸைப் பெறும். வளர்ந்தபின் அதைப் பரப்பும். ஆகவே நோயுற்ற செடி வயலில் நின்றால், அதில் பிறக்கும் ஒவ்வொரு தலைமுறையும் நோயைச் சுமந்தே கிளம்பும். மானாவாரிக் கடலைக் காட்டை ஒட்டித் தக்காளி நடுபவர் இதை நினைவில் கொள்ள வேண்டும். வரப்பில் பூத்து நிற்கும் பார்த்தீனியமும் இலைப்பேனுக்கு நல்ல இருப்பிடம்.

மற்றொரு வைரஸான தேமல் நோய்க்குப் பூச்சியே தேவையில்லை; கையே போதும். புகையிலை போடுபவரும் பீடி பிடிப்பவரும் கையைச் சோப்பு போட்டுக் கழுவிய பிறகே நாற்றைத் தொட வேண்டும்.

வாடல்: ஒரு தம்ளர் சோதனை

நேற்றுவரை நன்றாயிருந்த செடி பச்சை மாறாமல் தொங்கிவிட்டால், தண்ணீர் போதவில்லை என்று மடை திறப்பது வழக்கம். பாக்டீரியா வாடல் என்றால் அதைவிடக் கேடு வேறில்லை. ரால்ஸ்டோனியா என்னும் அந்தப் பாக்டீரியா பாயும் நீரோடு அடுத்த பாத்திக்குப் போய்விடும்.

சோதனை மிக எளிது. வாடிய செடியின் அடித்தண்டில் நான்கு விரற்கடை நீளம் வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடித் தம்ளரில் முனை மட்டும் மூழ்குமாறு ஆடாமல் பிடிக்க வேண்டும். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால்போன்ற இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். இழை இறங்காமல், அடியிலைகள் ஒரு பக்கமாக மஞ்சளித்து, தண்டைப் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடு ஓடினால் பியூசேரியம் என்னும் பூஞ்சையின் வாடல். இரண்டும் இல்லாமல் செடி நோஞ்சானாக நின்று பகலில் வாடி மாலையில் தெளிந்தால் வேரைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். மணிமணியாக முடிச்சுகள் இருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு. கடலை வேரிலுள்ள முடிச்சு நன்மை செய்வது. அது பக்கத்தில் ஒட்டியிருக்கும், விரலால் உதிர்க்கலாம். நூற்புழு முடிச்சு வேரே வீங்கியது, உதிராது.

இம்மூன்றும் மண்ணில் வாழ்பவை. வந்த பின் செய்யக் கூடியது குறைவு. வாடிய செடியை வேர்மண்ணோடு எடுத்து எரித்து, அந்தப் பாத்திக்குப் பாயும் நீரைப் பிரித்துவிட வேண்டும். அடுத்த போகம் அங்கே தக்காளி மட்டுமல்ல, கத்தரி, மிளகாய் கூட வேண்டாம். எல்லாம் ஒரே குடும்பம். சோளம், மக்காச்சோளம், தண்ணீர் வசதி இருந்தால் நெல் நல்லது. நூற்புழுவுக்குச் செண்டுமல்லி பயிரிடலாம். அதன் வேரில் நூற்புழுவைக் கொல்லும் பொருள் உண்டு, பூவும் விற்கும். விதையை ஒரு கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடியோ 10 கிராம் சூடோமோனாசோ கலந்து விதைப்பதும், தொழு உரத்தோடு வேப்பம் புண்ணாக்கு இடுவதும் பூஞ்சை வாடலைக் குறைக்கும். பாக்டீரியா வாடல் ஊன்றிவிட்ட நிலத்துக்குக் கத்தரிச் செடியின் மேல் தக்காளியை ஒட்டுக்கட்டி நடும் முறையைத் தைவானிலுள்ள உலகக் காய்கறி மையம் பரப்பியிருக்கிறது.

மருந்து பயன்படும் இடம்

பூஞ்சை நோய்களில்தான் தெளிப்பு மருந்துக்கு உண்மையான வேலை. நாற்றங்காலில் நாற்று அடித்தண்டு அழுகிச் சாய்வது பித்தியம் என்னும் பூஞ்சையால். நெருக்கி விதைப்பதும் நீர் தேங்குவதுமே காரணம். காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்து ஊற்றலாம். மழைக்காலத்தில் அடியிலையில் தொடங்கி, வளையத்துக்குள் வளையமாகப் பழுப்புப் புள்ளி விழுந்தால் அது ஆல்டர்னேரியா தரும் முன்பருவ இலைக்கருகல். அடியிலைகளைக் கிள்ளி அகற்றி, குச்சி நட்டுக் கட்டி, மாங்கோசெப் லிட்டருக்கு 2 கிராம் வீதம் தெளிக்கலாம். அயர்லாந்தில் 1845 முதல் உருளைக்கிழங்கை அழித்துப் பெரும் பஞ்சத்தை உண்டாக்கிய பின்பருவக் கருகல் தக்காளிக்கும் வருவதுதான். ஆனால் அது குளிரும் ஈரமும் வேண்டும் நோய். ஊட்டி, கொடைக்கானல் மலைகளில் அஞ்ச வேண்டியது, நம் சமவெளி வெயிலில் அரிது.

போர்டோ கலவையின் கதை சுவையானது. பிரான்சில் போர்டோ அருகே, சாலையோரத் திராட்சையை வழிப்போக்கர் பறிக்காதிருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து பூசியிருந்தனர். அக்கொடிகள் மட்டும் நோயின்றி நிற்பதை 1882-இல் மில்லார்டே என்னும் பேராசிரியர் கவனித்தார். 1885-இல் முறையை வெளியிட்டார். இன்றும் நாம் வீட்டில் செய்துகொள்ளலாம். 1 கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் நீரிலும் 1 கிலோ நீற்றுச் சுண்ணாம்பை 50 லிட்டர் நீரிலும் தனித்தனியே மண்பானை அல்லது பிளாஸ்டிக் தொட்டியில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்க வேண்டும். தீட்டிய கத்தியை நனைத்து எடுத்தால் அதில் செம்பு படியக் கூடாது. படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அன்றே தெளித்துவிட வேண்டும்.

காயின் அடிப்பகுதி கறுத்துத் தோல்போல் அமுங்குவதைப் பூஞ்சை என்று எண்ணி மருந்தடிப்பவர் உண்டு. அது காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராத குறை. காயவிட்டுக் காயவிட்டுத் திடீரென நிறையப் பாய்ச்சினால் வரும். நீரைச் சீராக விடுவதும், செடியடியில் கரும்புச் சோகையோ வைக்கோலோ பரப்புவதுமே பரிகாரம்.

பழைய வேளாண் நூல்களில் உள்ள மருந்துப் பட்டியலை அப்படியே பின்பற்ற இயலாது. மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிகளுக்கு அடிப்பது 2005-இலேயே தடை செய்யப்பட்டது. புட்டியின் மேல் தக்காளி என்ற பெயரும், தெளித்தபின் பறிக்கக் காத்திருக்க வேண்டிய நாட்களும் அச்சிடப்பட்டிருக்கும்; அதைப் பெற்றோருக்குப் படித்துச் சொல்வது படித்த பிள்ளையின் வேலை.

நோய் இன்னதென்று தேறாவிட்டால் சேலத்தார் சந்தியூரிலும், நாமக்கல்லார் அங்குள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்திலும் இயங்கும் வேளாண் அறிவியல் நிலையங்களை நாடலாம். கிள்ளிய இலையைக் கொண்டு போகாமல், நோய் நடுத்தரமாக உள்ள முழுச் செடியை வேரோடு தோண்டி, மண்ணைத் தட்டிவிட்டு, செய்தித்தாளில் சுற்றி எடுத்துச் செல்ல வேண்டும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் வழியிலேயே அழுகிப்போகும். முழுவதும் காய்ந்துபோன செடியில் பார்க்க ஒன்றுமிராது. எத்தனையாம் நாள் செடி, என்ன இரகம், முன் போகத்தில் என்ன பயிர், இதுவரை என்ன மருந்து அடித்தோம் என்பவற்றை ஒரு சீட்டில் எழுதிக் கூடவே வைத்தால் அவர்கள் கேட்கும் முதல் நான்கு கேள்விகளுக்கும் விடை அதிலேயே இருக்கும்.