வைஃபையைப் பூட்டுமுன் பதிவை எடுத்து வையுங்கள்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், வயது 64. கும்பகோணத்தில் சொந்த வீடு. மாடியில் மூன்று பையன்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். கீழ்வீட்டில் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. அதைக் கொடுக்க வந்தவர் என் செல்போன் எண்ணையே வைஃபை பாஸ்வேர்டாக வைத்துவிட்டுப் போனார், நானும் மாற்றவில்லை. மாடிப் பையன்களுக்கும் அதைச் சொல்லியிருக்கிறேன். வாடகையோடு மாதம் 200 ரூபாய் சேர்த்துத் தருவார்கள்.

போன வாரம் வேறு மாவட்டத்து சைபர் கிரைம் காவலர் ஒருவர் நேரில் வந்து நோட்டீஸ் கொடுத்தார். ஒரு பெண்ணின் படத்தை வைத்துப் போலி இன்ஸ்டாகிராம் கணக்கு தொடங்கி, ஆபாசமாகப் பதிவு போட்டிருக்கிறார்களாம். அது என் இணைப்பிலிருந்து போனதாக நோட்டீஸ் சொல்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி, 67 என்று பிரிவுகள் போட்டு, 2-ஆம் தேதி 19:12:40 என்று நேரமும் குறித்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் நாங்கள் குடும்பத்தோடு ஒரு கல்யாண வரவேற்பில் இருந்தோம், போட்டோ ஆதாரம் இருக்கிறது. பெங்களூரில் இருக்கும் மகன், “முதலில் ரவுட்டரை ரீசெட் பண்ணிப் புது பாஸ்வேர்டு போடுங்கள் அப்பா” என்கிறான். என்னைக் கைது செய்வார்களா? பையன்கள் மேல் நான் புகார் கொடுக்கலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: ஐயா, ரவுட்டரைத் தயவுசெய்து இப்போது ரீசெட் செய்யாதீர்கள். மகன் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் நீங்கள் குற்றமற்றவர் என்று காட்டக்கூடிய பொருள்களில் முக்கியமானது அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. ரீசெட் பொத்தானை அழுத்தினால் பழைய அமைப்பு முழுவதும் அழிந்துவிடும். ‘நோட்டீஸ் வந்த கையோடு ரவுட்டரைத் துடைத்துவிட்டார்’ என்று விசாரணை அதிகாரி எழுத அதுவே இடம் கொடுக்கும். சாட்சியமாகக் கேட்கப்படக்கூடிய மின்னணுப் பதிவை, அது கிடைக்கக்கூடாது என்ற எண்ணத்தோடு அழிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 241-ஆம் பிரிவின்படி தனிக் குற்றம். உங்களுக்கு அந்த எண்ணம் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதை நிரூபிக்க வேண்டிய நிலையை நீங்களே ஏன் வரவழைத்துக்கொள்ள வேண்டும்?

அந்தப் பெட்டியில் என்ன இருக்கும் என்று கேட்பீர்கள். சம்பவம் நடந்து நாளாகியிருந்தால், அன்றிரவு யார் யார் இணைந்தார்கள் என்ற பதிவு அநேகமாக இருக்காது. வீட்டு ரவுட்டர்கள் பலவற்றில் நினைவகம் சிறியது, மின்சாரம் போனாலே பதிவு அழிந்துவிடும். ஆனால் இரண்டு விஷயங்கள் இன்றைக்கும் அதில் இருக்கும். ஒன்று, உங்கள் பாஸ்வேர்டு உங்கள் செல்போன் எண்தான் என்ற உண்மை. மாடிக்கு ஆள் தேடியபோது வாசலில் ‘வீடு வாடகைக்கு’ என்று பலகை மாட்டி அதே எண்ணை எழுதியிருப்பீர்கள். அப்படியானால் தெருவில் போகிற எவரும் உங்கள் இணைப்புக்குள் நுழைந்திருக்க முடியும். எண் தெரியாதவருக்கும் இது பெரிய தடையில்லை. பத்து இலக்க செல்போன் எண் என்று ஊகித்துவிட்டால், நல்ல திறனுள்ள ஒரு கணினி எல்லா எண்களையும் சில மணி நேரத்தில் போட்டுப் பார்த்துவிடும். இரண்டாவது, இப்போது இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல். உங்கள் வீட்டில் இரண்டு போனும் ஒரு டிவியும், மாடியில் மூன்று போனும் இரண்டு லேப்டாப்பும் என்று எட்டுக் கருவிகள் இருக்க, பட்டியலில் பதினொன்று தெரிந்தால் அந்த மூன்றும் யாருடையவை என்ற கேள்வி பிறக்கிறது. உங்கள் வழக்கில் அது பெரிய கேள்வி.

அதனால் விவரம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வைஃபையில் இணைந்த கணினியின் பிரவுசரில் ரவுட்டரின் முகவரியைத் தட்டுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 என்றிருக்கும், ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டிலும் பார்க்கலாம். வைஃபை அமைப்புப் பக்கம், இணைந்த கருவிகளின் பட்டியல், சிஸ்டம் லாக், மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். திரையில் கணினியின் தேதியும் நேரமும் தெரியட்டும். கூடவே இன்னொரு போனில் முழுவதையும் வீடியோவாகப் பிடித்துவிடுங்கள். ரவுட்டரின் அடிச்சீட்டையும் சீரியல் எண் தெரியும்படி படமெடுங்கள். இணைப்புக் கொடுத்த அன்று வாங்கிய ரசீது இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள். பின்னால் நீதிமன்றத்தில் இவற்றைக் காட்ட பாரதிய சாக்ஷிய அதினியம் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் தேவைப்படும். எந்தக் கருவியில், எப்போது, யார் எடுத்தது என்ற குறிப்பை இன்றே எழுதி வைத்தால் அந்த வேலை சுலபமாகும்.

அடுத்து நேரம். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்தியது இதுதான். கல்யாண வரவேற்பைக் குறிப்பிட்டுப் பதில் எழுத அவசரப்படாதீர்கள். இன்ஸ்டாகிராம் போன்ற வெளிநாட்டு நிறுவனங்கள் காவல்துறைக்குத் தரும் பதிவுகள் வழக்கமாக உலகப் பொது நேரமான யூடிசியில்தான் இருக்கும். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. நோட்டீஸில் உள்ள 19:12:40 யூடிசி என்றால், நம் கடிகாரத்தில் அது 3-ஆம் தேதி பின்னிரவு 12 மணி 42 நிமிடம். அப்போது நீங்கள் எல்லோரும் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்திருப்பீர்கள். ‘வீடு பூட்டியிருந்தது’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, பிறகு அது வேறு நேரம் என்று தெரியவந்தால், உண்மையைச் சொன்ன நீங்கள் பொய் சொன்னவராகத் தெரிவீர்கள்.

இதே நேரக் கணக்கு உங்களுக்குச் சாதகமாகவும் திரும்பலாம். இப்போது பல நிறுவனங்கள் ஒரே பொது ஐ.பி. எண்ணைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுத் தருகின்றன. அதனால் ஐ.பி. எண் மட்டும் போதாது. துல்லியமான நேரமும், போர்ட் எண் என்று ஒன்று உண்டு, அதுவும் இருந்தால்தான் அந்த நொடியில் அதைப் பயன்படுத்திய வீடு எது என்று சொல்ல முடியும். காவல்துறை இந்திய நேரம் என்று நினைத்து நிறுவனத்திடம் கேட்டிருந்தால், ஐந்தரை மணி நேரம் தள்ளி, சம்பந்தமே இல்லாத வீட்டின் முகவரிதான் கிடைத்திருக்கும். ஆகவே உங்கள் முதல் பதில் கடிதத்தில் கேட்க வேண்டியது மூன்று: ஐ.பி. எண், போர்ட் எண், நேரம் எந்த நேர மண்டலத்தில் உள்ளது. இணையச் சேவை நிறுவனங்கள் இந்தப் பதிவுகளைக் குறைந்தது இரண்டாண்டு வைத்திருக்க வேண்டும் என்பது 2021 முதல் உரிம நிபந்தனை. அதனால் மறுபடி சரிபார்க்க இன்னும் வழியிருக்கிறது.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2007-ல் பெங்களூரைச் சேர்ந்த ஒரு மென்பொருள் பொறியாளரை, சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தும் படத்தை ஆர்குட் சமூக வலைத்தளத்தில் போட்டதாகப் புனே போலீசார் கைது செய்தார்கள். சேவை நிறுவனம் கொடுத்த ஐ.பி. விவரம் தவறு. அவர் ஐம்பது நாள் சிறையில் இருந்த பிறகுதான் வெளியே வந்தார்.

இனி உங்கள் பொறுப்பு என்ன என்று பார்ப்போம். இணைப்பு உங்கள் பெயரில் இருப்பதாலேயே, அதில் நடந்த குற்றம் உங்களுடையது ஆகிவிடாது. 66சி பிரிவு, இன்னொருவரின் அடையாளத்தை மோசடியாகவோ நேர்மையின்றியோ பயன்படுத்தியவரைத் தண்டிப்பது. 67, ஆபாசத்தை வெளியிட்டவரையும் வெளியிடச் செய்தவரையும். அதைச் செய்த விரல் யாருடையது என்று காட்ட வேண்டிய சுமை அரசுத் தரப்புடையது. வீட்டு வைஃபைக்குச் சரியான பாஸ்வேர்டு வைக்காததற்காக மட்டும் தண்டிக்கும் பிரிவு அந்தச் சட்டத்தில் கிடையாது. ஆனால் சந்தேகம் முதலில் உங்கள் வாசலுக்குத்தான் வரும். 2008 ஜூலை 26-ல் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்றுமுன் ஊடகங்களுக்குப் போன மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் வாடகைக்குக் குடியிருந்த ஒரு அமெரிக்கரின் வைஃபையிலிருந்து போயிருந்தது. அவர் வீட்டுக் கணினிகள் ஆய்வுக்குப் போயின, அவரும் விசாரணைக்கு ஆளானார். பூட்டாமல் கிடந்த அவருடைய இணைப்பை வெளியாட்கள் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெளிவானது. அடுத்த இரண்டு மாதங்களில் மும்பையிலேயே ஒரு கல்லூரியின் வைஃபையும் ஒரு நிறுவனத்தின் வைஃபையும் அதே கும்பலுக்குப் பயன்பட்டன.

கைது பற்றிய பயத்துக்கு வருகிறேன். நோட்டீஸின் தலைப்பில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.எஸ்.) எந்தப் பிரிவு என்று பாருங்கள். 94 என்றால் ஆவணத்தையோ பொருளையோ ஒப்படைக்கச் சொல்கிறார்கள். 179 என்றால் சாட்சியாக அழைக்கிறார்கள். அந்தப் பிரிவின்படி 60 வயது கடந்த ஆணை அவர் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச்சொல்ல முடியாது. அழைக்கும் அதிகாரமும் தம் நிலைய எல்லைக்கும் அடுத்த நிலைய எல்லைக்கும் உட்பட்டவர்கள் மேல்தான். ‘எனக்கு வயது 64, என் வீட்டில் விசாரித்துக்கொள்ளுங்கள், முழுமையாக ஒத்துழைக்கிறேன்’ என்று எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 35(3) என்றிருந்தால் உங்களைச் சந்தேக நபராகப் பார்க்கிறார்கள். அப்போது வயதைச் சொல்லி ஒதுங்க முடியாது, வழக்கறிஞரோடு குறித்த நாளில் ஆஜராக வேண்டும். நோட்டீஸின்படி நடந்துகொள்பவரை, காரணத்தை எழுத்தில் பதியாமல் கைது செய்யக்கூடாது என்று 35(5) சொல்கிறது. தவிர 66சி-யும், முதல் முறைக்கு 67-ம் மூன்றாண்டு வரை தண்டனை உள்ளவை, ஜாமீனில் விடக்கூடியவை. கையெழுத்துப் போட்டவரின் பதவியையும் பாருங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டக் குற்றங்களை இன்ஸ்பெக்டர் அல்லது அதற்கு மேல்நிலை அதிகாரிதான் புலனாய்வு செய்யலாம். ரவுட்டரைக் கேட்டால் கொடுங்கள், சீரியல் எண் குறித்த கைப்பற்றுதல் மகஜரின் நகலைக் கேட்டு வாங்குங்கள். கைப்பற்றுவதை வீடியோ எடுப்பது இப்போது அவர்கள் கடமை.

பதிவுகளைப் பத்திரப்படுத்திய அன்றே இணைப்பைப் பூட்டிவிடுங்கள், ஒரு நாள்கூடத் தள்ள வேண்டாம். நோட்டீஸ் வரும்வரை ‘எனக்குத் தெரியாது’ என்பது உண்மை. இனி அது உண்மையாக இருக்காது. அதே வழியில் இன்னொரு பெண்ணின் படம் போனால், தெரிந்தும் விட்டுவைத்தவர் என்ற பேச்சு வரும். ரீசெட் வேண்டாம், உள்ளே போய் மாற்றினால் போதும். பாஸ்வேர்டு பதினைந்து எழுத்துக்குக் குறையாமல், பெயரோ தேதியோ எண்ணோ சார்ந்திராமல் இருக்கட்டும். ரவுட்டருக்குள் நுழையும் நிர்வாகி பாஸ்வேர்டு தனி. அது இன்னும் ‘அட்மின்’ என்றே கிடந்தால் உள்ளே வந்தவன் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம், அதையும் மாற்றுங்கள். பாதுகாப்பு வகையில் டபிள்யூ.பி.ஏ.3, இல்லாவிட்டால் டபிள்யூ.பி.ஏ.2 தேர்ந்தெடுங்கள். டபிள்யூ.பி.எஸ். என்ற பொத்தான் வழி இணைப்பையும், வெளியிலிருந்து ரவுட்டரை இயக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். மாற்றிய தேதியைக் குறித்து வையுங்கள்.

மாடிப் பையன்கள் மேல் பெயர் குறிப்பிட்டுப் புகார் கொடுக்க வேண்டாம். அவர்கள் பயன்படுத்தினார்கள் என்பது தெரியும், குற்றம் செய்தார்கள் என்பதற்கு உங்களிடம் ஒன்றும் இல்லை. ஊரைவிட்டு வந்து தங்கியிருக்கும் பிள்ளைகள்மேல் இப்படி ஒரு வழக்கின் நிழல் விழுந்தால் அவர்கள் வேலையே போய்விடலாம். விசாரணையில் கேட்டால், யார் யாருக்குப் பாஸ்வேர்டு கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், அவ்வளவு போதும். அந்த 200 ரூபாயையும் சேர்த்தே சொல்லுங்கள். இணைப்பை மற்றவருக்குக் காசுக்குக் கொடுப்பதைச் சேவை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் தடை செய்கின்றன. இந்த மாதத்தோடு அதை நிறுத்தி, மாடிக்கு அவர்கள் பெயரிலேயே தனி இணைப்பு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

நீங்கள் கொடுக்க வேண்டிய புகார் வேறு. அனுமதியின்றி இன்னொருவரின் கணினி வலைப்பின்னலுக்குள் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43-ஆம் பிரிவின்கீழ் வரும், கெட்ட நோக்கம் இருந்தால் 66-ன்படி குற்றமும் ஆகும். கம்பியில்லா இணைப்பும் அந்தச் சட்டத்தின் விளக்கத்தில் அடங்கும். ‘என் இணைப்பை அடையாளம் தெரியாத நபர் பயன்படுத்தியதாக நோட்டீஸ் மூலம் அறிகிறேன்’ என்று, நீங்கள் எடுத்த படங்களின் நகலோடு உங்கள் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். அதன் நகலையும் நோட்டீஸ் அனுப்பிய அதிகாரிக்கு எழுதும் பதிலோடு இணைத்துவிடுங்கள்.