சரிவுக்கேற்ற பலகை

1965ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள மஸ்கீகன் நகரில் ஷெர்மன் பாப்பன் என்ற பொறியாளர் தம் மகள்களுக்காக ஒரு விளையாட்டுப் பொருளைச் செய்தார். பனிச்சறுக்குக் கட்டைகள் இரண்டை அருகருகே வைத்துப் பிணைத்தார். பிள்ளைகள் அதன்மேல் நின்றபடி மேட்டிலிருந்து சறுக்கி விளையாடினர். பனி, அலைச்சறுக்கு ஆகிய இரண்டையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களைச் சேர்த்து, அவருடைய மனைவி அதற்கு 'ஸ்னர்ஃபர்' என்று பெயர் வைத்தார். அடுத்த ஆண்டே பிரன்ஸ்விக் என்ற நிறுவனம் அதைத் தயாரித்து விற்கத் தொடங்கியது.

ஸ்னர்ஃபரின் முன்முனையில் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு இருந்தது. கால்களைப் பலகையோடு பூட்ட எந்தப் பிடியும் இல்லை. விளிம்பில் உலோகப் பட்டையும் இல்லை. ஆகவே, அதில் ஏறியவர் சரிவில் ஏறக்குறைய நேராக இறங்கினார், விழுந்தார், சிரித்துக்கொண்டே மீண்டும் ஏறினார். விளையாட்டுப் பொருளுக்கு அது போதும். ஆனால், வளைந்து திரும்பவும், உயரே தாவவும், ஆழமான பனியில் மிதந்து செல்லவும் விரும்பியவர்களுக்கு அது போதவில்லை. இன்று ஒரு பனிச்சறுக்குக் கடைக்குள் நுழைபவர் மீன்வால் போன்றதும், ஊசிபோல் ஒல்லியானதும், இரு முனையும் ஒன்றுபோல உருண்டதுமான பலகைகளைக் கண்டு திகைக்கிறார். அந்தப் போதாமையிலிருந்து பிறந்தவையே இத்தனை வடிவங்களும்.

1970களில் மூவர் மூன்று திசைகளிலிருந்து இந்தப் பலகையை மாற்றத் தொடங்கினர். யூட்டா மாநிலத்தின் மலைகளில் இடுப்பளவு ஆழத்திற்கும் மென்பனி பொழியும். அங்கு டிமிட்ரி மிலோவிச் என்பவர் அலைச்சறுக்குப் பலகையை முன்மாதிரியாகக் கொண்டு, வால் இரண்டாகப் பிளந்த 'வின்டர்ஸ்டிக்' பலகைகளை உருவாக்கினார். டாம் சிம்ஸ் ஸ்கேட்போர்டு வீரர். சாலையில் செய்த சாகசங்களைப் பனியிலும் செய்து பார்க்க விரும்பினார். ஜேக் பர்ட்டன் கார்பென்டர் 1977இல் வெர்மான்ட் மாநிலத்தில் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் பனி பெரும்பாலும் இறுகிக் கெட்டியாகவே கிடக்கும். 1979இல் மிச்சிகனில் நடந்த ஸ்னர்ஃபர் போட்டிக்குப் பர்ட்டன் காலைப் பூட்டும் பிடி பொருத்திய தம் பலகையோடு வந்தார். அது ஸ்னர்ஃபரே அன்று என்று எதிர்ப்பு எழுந்தது. முடிவில் அவருக்காகத் தனிப் பிரிவு ஒன்றை ஏற்பாட்டாளர்கள் திறந்தனர். மூவரும் ஒரே விளையாட்டைத்தான் வளர்த்தனர். எனினும் ஒருவரின் பலகை மற்றவரின் மலையில் அவ்வளவு நன்றாக ஓடியிருக்காது.

பலகையின் வடிவத்தைப் புரிந்துகொள்ள அதை முதலில் மேலிருந்து பார்க்க வேண்டும். முன்முனைக்கு மூக்கு என்றும் பின்முனைக்கு வால் என்றும் பெயர். நடுப்பகுதி இடுப்புபோல் ஒடுங்கியிருக்கும். இந்த ஒடுக்கத்தில்தான் திரும்பும் கலை அடங்கியுள்ளது. சறுக்குபவர் பலகையை ஒரு பக்கமாகச் சாய்க்கும்போது, உட்குழிந்த விளிம்பு பனியில் அழுந்துகிறது. உடல் எடையால் பலகை சற்று வளைகிறது. விளிம்பு ஒரு வட்டத்தின் பகுதியாக மாறுகிறது. பலகை அந்த வட்டப் பாதையிலேயே ஓடுகிறது. குழிவு அதிகமானால் வட்டம் சிறிது. மரங்களுக்கிடையே சட்டென்று திரும்பலாம். குழிவு குறைந்தால் வட்டம் பெரிது. அகன்ற சரிவில் வேகமாகவும் நிதானம் தவறாமலும் நீண்ட வளைவுகளை வரையலாம். இரண்டையும் ஒரே பலகையில் முழுமையாகப் பெற இயலாது.

மூக்கும் வாலும் ஒரே நீளம், ஒரே அகலம், ஒரே வளைவு கொண்டிருந்தால் அது ட்வின் எனப்படும் சமவடிவப் பலகை. கால்பிடிகள் சரியாக நடுவில் இருக்கும். இதை முன்னோக்கி ஓட்டினாலும் பின்னோக்கி ஓட்டினாலும் வேறுபாடு தெரியாது. இதன் பயனை அறியத் தாவல் மேடைகளைப் பார்த்தால் போதும். மேடையிலிருந்து தாவுபவர் வானில் 360 பாகை சுழன்றால், புறப்பட்ட திசையை நோக்கியே தரையிறங்குவார். 540 பாகை சுழன்றாலோ வால் முன்னே வர, பின்னோக்கி இறங்குவார். அந்த நொடியில் வால் என்பது மூக்கின் வேலையைச் செய்தாக வேண்டும். அது குட்டையாகவும் தட்டையாகவும் இருந்தால் பனியில் குத்திக்கொள்ளும். அத்தனை உயரத்திலிருந்து வருபவருக்கு அது சிறு தடுமாற்றமாக முடியாது. குளிர்கால ஒலிம்பிக்கில் 2014ஆம் ஆண்டு ஸ்லோப்ஸ்டைல் போட்டியும் 2018ஆம் ஆண்டு பிக் ஏர் போட்டியும் சேர்க்கப்பட்டன. இவற்றில் பங்கேற்போர் சமவடிவத்தையோ அதற்கு மிக நெருங்கிய வடிவத்தையோ நாடுவதற்கு இதுவே காரணம்.

வேகத்தை விரும்புபவரின் தேவை முற்றிலும் வேறு. அவர் ஒரு திசையில் மட்டுமே போகிறார். பின்னோக்கி ஓட்டும் எண்ணமே அவருக்கு இல்லை. எனவே, அவருடைய பலகையில் மூக்கு நீண்டிருக்கும். வால் குட்டையாகவும் விறைப்பாகவும் இருக்கும். கால்பிடிகள் சில சென்டிமீட்டர் பின்தள்ளி அமைந்திருக்கும். இதனைத் திசைவடிவப் பலகை எனலாம். இதன் எல்லையைக் காண விரும்புவோர் பந்தயப் பலகையைப் பார்க்க வேண்டும். நீளமானது, மிக ஒடுக்கமானது, எளிதில் வளையாதது. இதில் வீரர்கள் மென்மையான காலணிக்குப் பதிலாகக் கெட்டியான காலணி அணிந்து, இரு பாதங்களையும் ஏறக்குறைய முன்னோக்கித் திருப்பி நிற்பர். பலகை ஒடுங்கியிருப்பதால் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு இமைப்பொழுதில் மாறலாம். 2018ஆம் ஆண்டு பியோங்சாங் ஒலிம்பிக்கில் செக் நாட்டின் எஸ்தர் லெடெட்ஸ்கா இத்தகைய பலகையில் இணைப் பெருஞ்சறுக்குப் போட்டியில் தங்கம் வென்றார். அதற்குச் சில நாள்களுக்கு முன்னர் இரு கட்டைகளில் சறுக்கும் சூப்பர்-ஜி போட்டியிலும், நூறில் ஒரு வினாடி வேறுபாட்டில், அவரே தங்கம் வென்றிருந்தார். அந்தப் பந்தயப் பலகையைத் தாவல் மேடைக்குக் கொண்டுபோவது, ஓட்டப் பந்தயக் காரில் நெற்வயலை உழப் போவதற்கு ஒப்பாகும்.

ஆழப்பனி மூன்றாவது வடிவத்தைக் கேட்கிறது. குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து வீசும் கடுங்குளிர்க் காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. ஹொக்கைடோ தீவின் மலைகளில் மோதியதும் அந்த ஈரம் உலர்ந்த, இலேசான பொடிப்பனியாகக் கொட்டுகிறது. அங்குள்ள நிசேகோ உலகெங்கும் அறியப்பட்ட சறுக்குமிடமாக இருப்பதற்கு இந்தப் பனியே காரணம். அங்கு சமவடிவப் பலகையோடு இறங்குபவருக்கு விரைவிலேயே ஒரு சிக்கல் எழும். பொடிப்பனி எடையைத் தாங்காது. மூக்கு உள்ளே புதையும். அதை மேலே தூக்கிவைக்க அவர் உடலைப் பின்னுக்குச் சாய்த்து, எடை முழுவதையும் பின்காலில் ஏற்றுகிறார். சற்று நேரத்தில் பின்தொடை எரியத் தொடங்குகிறது. கால் சோர்ந்து ஒரு கணம் தளர்ந்தால் போதும். மூக்கு குத்திட, அவர் தலைகுப்புறப் போய் விழுவார். ஆழப்பனியில் புதைந்தவர் எழுந்து நிற்பது, விழுவதைவிடப் பெரும்பாடு.

'ஆடத் தெரியாதவன் மேடை கோணல் என்றானாம்' என்பார்கள். இங்கோ, உண்மையிலேயே மேடை கோணல்தான். அதே மனிதருக்கு அகன்ற மூக்கும் ஒடுங்கிய வாலும் கொண்ட பலகையைக் கொடுத்தால் நிலைமை மாறிவிடுகிறது. அகன்ற மூக்கு படகின் முன்பகுதிபோல் மேலெழுகிறது. ஒடுங்கிய வால் தானாகவே அமிழ்கிறது. வாலை இரண்டாகப் பிளந்துவிட்டால் இன்னும் எளிதில் அமிழும். மிலோவிச் யூட்டாவில் கண்டுகொண்டது இதைத்தான். நிசேகோவைச் சேர்ந்த தாரோ தமாய் தம் 'கென்டெம்ஸ்டிக்' பலகைகளில் இந்த வழியையே நெடுங்காலமாகச் செம்மைப்படுத்தி வருகிறார். பனியில் அலைச்சறுக்கு என்பதே அவர் பலகைகளின் அடிப்படை. அவற்றின் அழகுக்காகவே வாங்குவோரும் உண்டு. ஆயினும், மீன்வால் பலகையைப் பின்னோக்கி ஓட்டுவது கடினம். குட்டையான வால், இறுகிய பனியில் பிடிமானத்தையும் குறைத்துவிடும். பொடிப்பனி விழாத வாரத்தில் அது பெரும்பாலும் சுவரில் சாய்ந்தே கிடக்கும்.

இனிப் பலகையைத் தரையில் வைத்துப் பக்கவாட்டில் குனிந்து பார்க்க வேண்டும். சில பலகைகளின் நடுப்பகுதி தரையைத் தொடாமல் சற்று எழும்பி நிற்கும். இது கேம்பர் வளைவு. ஏறி நின்றதும் எடை அதைத் தட்டையாக்கும். அழுத்தம் விளிம்பு முழுவதும் பரவும். கெட்டிப்பனியிலும் பிடி நழுவாது. வேறு சிலவற்றில் நடுப்பகுதி தரையைத் தொட, இரு முனைகளும் வாழைப்பழம்போல் மேல்நோக்கி வளைந்திருக்கும். இது ராக்கர் வளைவு. லிப் டெக் நிறுவனம் தன் ராக்கர் பலகை ஒன்றுக்கு 'ஸ்கேட் பனானா' என்றே பெயரிட்டது. முனைகள் எழும்பியிருப்பதால் இவ்வகைப் பலகை எளிதில் திரும்பும், பொடிப்பனியில் மிதக்கும். ஆனால், பனிக்கட்டி படர்ந்த சரிவில் வழுக்கும். இரண்டையும் கலந்த வளைவுகளே இன்று கடைகளில் மிகுதி.

புதிதாகக் கற்பவருக்கு இந்த வளைவு சிறு செய்தியன்று. கற்கத் தொடங்கியவர்களை மிகுதியாக வீழ்த்துவது வேகமன்று, விளிம்பு. சரிவுக்குக் குறுக்காகப் பலகையில் நிற்கும்போது மேட்டுப்பக்க விளிம்பு மட்டுமே பனியைப் பற்றியிருக்க வேண்டும். கவனம் பிசகி, பள்ளப்பக்க விளிம்பு பனியில் மாட்டிக்கொண்டால் பலகை சட்டென நின்றுவிடும். மேலே இருப்பவர் நிற்க மாட்டார். ஊன்றிய கையோடு விழுவதால் புதியவர்களுக்கு மணிக்கட்டு எலும்பு முறிவது வழக்கம். மணிக்கட்டுக் காப்பும் தலைக்கவசமும் அணிவது ஒருபுறம் இருக்க, விளிம்புகள் சற்று மேலெழும்பிய, இலகுவாக வளையும் பலகையைத் தேர்ந்தெடுத்தால் இந்த விபத்து குறையும். விறைப்பான கேம்பர் பலகை ஒரு தவற்றையும் பொறுத்துக்கொள்ளாது.

நீளத்தைப் பற்றி ஒரு பழைய வழக்கம் உண்டு: பலகையை நிமிர்த்தி வைத்தால் அது முகவாய்க்கும் மூக்குக்கும் இடையே வர வேண்டும். உயரத்தைவிட எடையே முக்கியம் என்பதால் இந்த அளவை அப்படியே நம்ப இயலாது. பலகையை வளைப்பது எடைதான். ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவர் 50 கிலோகிராமும் மற்றவர் 80 கிலோகிராமும் இருந்தால், அவர்களுக்கு ஒரே பலகை ஒத்துவராது. அகலத்தைத் தீர்மானிப்பது பாதம். பெரிய பாதமுடையவர் ஒடுக்கமான பலகையில் நின்றால், சாய்ந்து திரும்பும்போது கால்விரல் பகுதி பனியில் உரசும். சிறிய பாதமுடையவர் அகன்ற பலகையில் நின்றால், ஒவ்வொரு திருப்பத்துக்கும் கூடுதலாக உழைக்க வேண்டும். கடையில் பலர் பலகையின் ஓவியத்தைப் பார்க்கிறார்கள்; காலணி அளவைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

ஆகவே, பலகை வாங்கப் போகிறவர் முதலில் விடை காண வேண்டிய கேள்வி, 'எது சிறந்த பலகை?' என்பதன்று. ஓராண்டில் எத்தனை நாள், எந்த மலையில், எப்படிப்பட்ட பனியில், என்ன செய்யப் போகிறோம் என்பதே கேள்வி. இதற்கு உண்மையான விடை சொல்வது நினைப்பதைவிடக் கடினம். காணொளியில் செங்குத்தான மலைமுகட்டிலிருந்து பொடிப்பனியைக் கிழித்து இறங்கும் வீரரைப் பார்த்தவர், அவருடைய பலகையையே வாங்கிவிடுகிறார். ஆண்டுக்கு ஐந்து நாள், இயந்திரத்தால் சமன்செய்த சரிவில், குடும்பத்தோடு சறுக்கப் போகும் தமக்கு அது பொருந்துமா என்று அவர் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்த ஐந்து நாளும் அவர் பலகையோடு மல்லுக்கட்டியே கழிக்கிறார். அடுத்த ஆண்டு போவதையே விட்டுவிடுகிறார். எங்கும் ஓரளவு நன்றாக ஓடும் இடைப்பட்ட வடிவம் ஒன்றும் உண்டு. மேலிருந்து பார்த்தால் சமவடிவமாகவே தோன்றும். ஆனால், கால்பிடிகள் சற்றே பின்தள்ளியிருக்கும் அல்லது வால் சற்று விறைத்திருக்கும். கடைக்காரர்கள் இதை 'டைரக்‌ஷனல் ட்வின்' என்பர். எதிலும் முதலிடம் பெறாத இந்தப் பலகையே பலருக்குப் பொருத்தமானது.

முதன்முறை பனியில் கால்வைப்பவர் எதையும் வாங்காமல் இருப்பதே நல்லது. சறுக்குமிடங்களில் பலகையும் காலணியும் வாடகைக்குக் கிடைக்கும். புதியவர்களுக்குக் கடைகளில் பெரும்பாலும் மென்மையான சமவடிவப் பலகையையோ அதற்கு நெருங்கியதையோ எடுத்துத் தருவார்கள். அதற்கு எளிய காரணம் ஒன்று உண்டு. இடது காலை முன்வைத்து நிற்பதா, வலது காலை முன்வைப்பதா என்பது பலருக்கு முதல் நாள் தெரிவதில்லை. காலையில் இடது கால் முன்னே என்று தொடங்கியவர், நண்பகலில் அது தமக்கு ஒத்துவரவில்லை என்று உணரலாம். திசைவடிவப் பலகையாக இருந்தால் முனைகளே மாற வேண்டும். கால்பிடிகளைக் கழற்றி எதிர்ப்பக்கமாகப் பொருத்த வேண்டும். சமவடிவப் பலகைக்கு மூக்கும் வாலும் ஒன்றே. திருப்புளியால் கால்பிடிகளின் கோணத்தை மாற்றி முடுக்கினால் போதும். பத்து நிமிடத்தில் அவர் மீண்டும் சரிவுக்குத் திரும்பிவிடலாம்.