ஏசியை எத்தனையில் வைப்பது?

கேள்வி: மகன் லீவில் வந்தபோது படுக்கையறைக்கு ஏசி பூட்டித் தந்துவிட்டுப் போனான். கெதியாகக் குளிரட்டும் என்று றிமோட்டில் 18 வைக்கிறேன். விடியப்புறம் நடுங்கி எழும்புகிறேன். கரண்ட் பில்லும் ஏறிவிட்டது. எப்படிச் செற் பண்ணுவது?
- வாசகி, கல்லடி

பதில்: அம்மா, றிமோட்டில் தெரியும் எண் குளிரின் வேகமல்ல, ஏசி எங்கே ஓய வேண்டும் என்ற எல்லை. அறை 18 பாகைக்கு இறங்கும்வரை கம்பிரசர் ஓயாது. மட்டக்களப்பு வெக்கைக்கு 26 போதும். மின்விசிறியை மெல்லச் சுழல விடுங்கள். இந்தியாவில் 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏசிகள் 24 பாகையிலேயே தொடங்க வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். ஒரு பாகை கூட்டினால் ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது அவர்களின் கணக்கு.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் ‘மோட்’ பொத்தானை அழுத்திப் பனிப்பூ அடையாளத்தில் வையுங்கள். மாரியில் வாவிப் பக்கத்து ஈரம்தான் தொல்லை. அப்போது நீர்த்துளி அடையாளம் உள்ள ‘ட்ரை’ போதும். படுக்கும்போது ‘ஸ்லீப்’ பொத்தானை அழுத்தினால், பெரும்பாலான ஏசிகள் மணிக்கு ஒரு பாகையாகச் சற்று உயர்த்திவிடும். ஏசி ஓடும்போதே ‘டைமர்’ அழுத்தி நாலு மணித்தியாலம் வைத்தால் தானாக நின்றுவிடும்.

வடிகட்டியை இரு வாரத்துக்கொருமுறை கழுவுங்கள். கடலோர உப்புக்காற்று வெளிப்பெட்டியை அரிக்கும்; சர்வீஸ்காரரைக் கொண்டு நல்ல தண்ணீரால் கழுவுவியுங்கள். நம் நாட்டில் அலகு கூடக்கூடக் கட்டணப் படியும் ஏறுவதால், இன்றிரவே 26க்கு மாற்றுங்கள்.