குட்டி நடக்க மாட்டேங்குதா?

போன இதழில் மீன் தொட்டி பற்றிப் படித்துவிட்டு, நாயைப் பற்றியும் எழுதச் சொல்லி ரெண்டு பேர் கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். பாதி நான் செய்த தப்பு, பாதி அதுக்கு அப்புறம் கத்துக்கிட்டது.

எங்கள் குட்டியின் பெயர் கருப்பன். ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ இல்லை, சாதாரண நாட்டு நாய்தான். இவனுக்கு முன்னாடி மணி என்று ஒரு நாய் இருந்தது. மணியைச் சங்கிலிக்குப் பழக்கவே இல்லை. ஒருநாள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேற நாயைப் பார்த்து ஓடியது, லாரி வந்துவிட்டது. அதனால் அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "அடுத்த மாசம் வெறிநோய் ஊசி போடணும். மாட்டாஸ்பத்திரிக்கு நீதான் சங்கிலியில நடத்திக் கூட்டிட்டுப் போகணும். முடியலைன்னா யாருக்காவது குடுத்துருவோம்." முதல் ஊசிக்குப் பையில் வைத்துத் தூக்கிப் போனோம். இப்போது அவன் பைக்குள் அடங்க மாட்டான். ஆஸ்பத்திரியோ மெயின் ரோட்டைத் தாண்டி ஒரு கிலோமீட்டர்.

முதல் நாள் நான் என்ன செய்தேன் தெரியுமா? கடையில் வாங்கிய கனமான இரும்புச் சங்கிலியை மாட்டி இழுத்தேன். அவன் நாலு காலையும் ஊன்றி உட்கார்ந்துவிட்டான். நான் இழுக்க இழுக்க அவன் பின்னாடி போனான். கோபத்தில் தரதரவென்று இழுத்துவிட்டேன். சிமெண்ட் தரையில் உரசி முன்னங்காலில் ரத்தம். அப்புறம் சங்கிலிச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். கூப்பிட்டாலும் வரலை. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

பால்காரத் தாத்தாதான் விஷயத்தைச் சொன்னார். "நீ இழுத்தா அது எதிர்ப்பக்கம் இழுக்கத்தான் செய்யும். கன்னுக்குட்டியும் அப்படித்தான்." யோசித்துப் பார்த்தால் உண்மை. பஸ்ஸில் யாராவது நம்மைத் தள்ளினால் விழாமல் இருக்க நாமும் எதிர்ப்பக்கம் சாய்கிறோமே, அதுபோலத்தான். கழுத்தில் இழுவை பட்டதும் குட்டி பயந்து காலை ஊன்றுகிறது. அது திமிர் இல்லை.

ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் செரிமானம் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904-இல் நோபல் பரிசு வாங்கியவர். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு சத்தம் கேட்டுப் பழகிய நாய்க்கு, பிறகு அந்தச் சத்தம் கேட்டாலே எச்சில் ஊறும் என்று காட்டியவர் இவர்தான். என் சங்கிலிச் சத்தம் கருப்பனுக்கு வலியோடு சேர்ந்துவிட்டது. அதைச் சாப்பாட்டோடு சேர்த்தால் சரியாகும் என்று தோன்றியது.

இரும்புச் சங்கிலியைத் தூக்கி வைத்துவிட்டேன். ரெண்டு நாள் கழுத்தில் பெல்ட் மட்டும். நம்முடைய ரெண்டு விரல் உள்ளே நுழையும் அளவுக்கு இருக்கணும். முதலில் சொறிந்துகொண்டே இருந்தான், பிறகு மறந்துவிட்டான். அடுத்து அம்மாவின் பாவாடை நாடாவைப் பெல்ட்டில் கட்டி, சாப்பாடு வைக்கும்போது மட்டும் இழுத்துக்கொண்டு திரிய விட்டேன். பக்கத்திலேயே இருந்து பார்க்கணும், இல்லாவிட்டால் கட்டில் காலில் சிக்கிக்கொள்ளும்.

அப்புறம்தான் நாடாவின் நுனியைக் கையில் எடுத்தேன். ரெண்டு அடி தள்ளிக் குத்தவைத்து உட்கார்ந்து பேர் சொல்லிக் கூப்பிடுவேன். வந்தால் வேர்க்கடலை அளவு இட்லியோ அவித்த முட்டையோ கொடுப்பேன். (கருவாட்டில் உப்பு அதிகம், வேண்டாம். சாக்லேட்டும் வெங்காயமும் நாய்க்கு விஷம்.) நாடா எப்போதும் துணி காயப்போடும் கொடி போலத் தொய்ந்தே இருக்கணும். காலையும் மாலையும் சாப்பாட்டுக்கு முன்னால் ஐந்து நிமிஷம் போதும்.

இங்கே இன்னொரு தப்பும் செய்தேன். அவன் உட்காரும்போதெல்லாம் முட்டையை மூக்குக்கு முன்னால் காட்டினேன். பயல் கெட்டிக்காரன், உட்கார்ந்தால் முட்டை வரும் என்று கத்துக்கிட்டான்! பிறகு உட்கார்ந்தால் ஒன்றும் செய்யாமல், அவனை முறைக்காமல், பக்கவாட்டில் திரும்பி நின்றேன். அவனே எழுந்து ஒரு அடி வைத்தால் உடனே முட்டை. ஒரு வாரத்தில் முற்றத்தை முழுசாகச் சுற்றினான்.

தெருவுக்கு டாக்டர் சரி என்று சொன்ன பிறகே கூட்டிப் போனேன். மற்ற நாய்கள் அசிங்கம் பண்ணிய இடத்தில் ஊசி முடியாத குட்டியை விட்டால் பார்வோ என்ற ரத்தக் கழிச்சல் நோய் ஒட்டிக்கொள்ளும், பிழைப்பது கஷ்டம். வெயில் நேரத்தில் தார் ரோடும் ஆகாது. புறங்கையை ரோட்டில் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். நமக்குச் சுட்டால் அதுக்கும் சுடும்.

ஊசி போடும் நாள் வந்தது. காலை ஏழு மணிக்கே கிளம்பினோம். நாடாவுக்குப் பதில் இப்போது உறுதியான நூல் கயிறு. மெயின் ரோட்டில் லாரி ஹாரன் அடித்ததும் கருப்பன் உட்கார்ந்துவிட்டான். எனக்கு மணி ஞாபகம் வந்து கை நடுங்கியது. ஆனால் இழுக்கவில்லை. ஓரமாக அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். மூணு பஸ் போச்சு. பிறகு அவனே எழுந்து என் முழங்காலை முகர்ந்தான். ரோடு காலியானதும் கடந்துவிட்டோம். டாக்டர் ஊசி போட்டு, அடுத்த வருஷம் போட வேண்டிய தேதியை அட்டையில் எழுதிக் கொடுத்தார். அப்பா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் காலண்டர் ஆணியில் மாட்டினார்.

குட்டி வளர்ப்பவர்கள் இடைவேளையில் 9 'ஆ' வகுப்புக்கு வந்து கேட்கலாம். பாவாடை நாடா இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, வேண்டுமானால் தருகிறேன்.